ஆவாரம்பட்டையும் இலண்டன் நூலகங்களும்

இடுப்பில் கட்டும் தோல்வார் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டால் கடைக்காரர் அதன் தடிமனையும் பளபளப்பையும் காட்டுவார். ஆனால் தோலின் ஆயுளில் பெரும்பகுதி, அது எந்தச் சாற்றில் ஊறிப் பதப்பட்டது, பின்னர் எத்தகைய காற்றில் கிடந்தது என்பவற்றால் முடிவாகிறது. இதனை முறையாக ஆராய வழிவகுத்தவை புத்தகங்கள். வார் தேய்ந்து அறுந்துவிடுகிறது. அலமாரியில் அசையாது நிற்கும் நூலின் தோலுறையில்தான் முதுமை கலப்பின்றித் தெரிகிறது.

பிரிட்டிஷ் நூலகம் 2012இல் தொண்ணூறு இலட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய தூய கத்பர்ட் நற்செய்தி நூலின் ஆட்டுத்தோல் கட்டு, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. இன்றும் உறுதியாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் கட்டப்பட்ட நூல்களோ சில பத்தாண்டுகளிலேயே செந்தூளாக உதிர்ந்தன. நம் பழைய கல்லூரி நூலகங்களில் ஆங்கில நூல்களை எடுத்தவர் கைகளில் ஒட்டும் அதே தூள்தான். விளக்குக்கு எரிந்த நிலக்கரி வாயுவின் கந்தகமே காரணம் என்று மைக்கேல் பாரடே 1843இல் கூறினார்.

முறையான விசாரணை 1900இல் கலைகளின் கழகம் அமைத்த குழுவால் நடந்தது. 1901இல் வெளிவந்த அதன் அறிக்கை, சுமாக் இலையால் பதனிட்ட தோலைப் போற்றியது. 'பெர்சியன்' என்ற தோலைக் கடுமையாகச் சாடியது: வெளிச்சத்திலும் வாயுப்புகையிலும் இருந்தால் ஐந்தாறு ஆண்டுக்குமேல் தாங்காதாம்.

பெயர்தான் பெர்சியன். சரக்கு பெரும்பாலும் சென்னை மாகாணத்தினுடையது. வெள்ளாட்டுத்தோலும் செம்மறித்தோலும் இங்கே ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கடுக்காய்நீர் கண்டு, எண்ணெய் பூசப்பட்டுக் கப்பலேறின. அங்கே சாயமேற்றி முடிக்கப்பட்டன.

ஆவாரைமேல் விழுந்த குற்றம் பொய்யன்று. அதன் துவர்ப்புப்பொருள் கந்தகப் புகையை எளிதில் ஈர்க்கும் வகையினது. ஈர்த்தது தோலுக்குள் கந்தக அமிலமாகி, நார்களை மெல்லமெல்ல அறுக்கிறது. சுமாக்கின் துவர்ப்பு வேறு இனம். அந்தத் தாக்குதலை நன்றாகத் தாங்கும். ஆயினும் பழி முழுவதையும் நம் செடிமேல் சுமத்துவது நேர்மையன்று என்பேன். நிறம் பளிச்சென்று ஏற வேண்டிச் சாயத்தொட்டியில் கந்தக அமிலத்தைக் கலந்த வழக்கத்தையும், அட்டையில் அழகாக மடியத் தோலைப் பட்டுப்போல் சீவிய வழக்கத்தையும் அதே குழு கண்டித்தது. இவை பட்டறைகளின் பிழைகள். புகையோ நகரத்தினுடையது. செருப்புக்கு அமைந்த ஆவாரந்தோல், நூறாண்டு நிற்க வேண்டிய நூலுக்கு அமையவில்லை.

இங்கும் ஆவாரந்தோலுக்கு ஒரு வரம்பு தெரிந்திருந்தது. கிணற்றில் நீரிறைக்கும் கவலைப்பை நாள்தோறும் நனைவது. அதற்கு ஈரம் தாங்கும் தோல் வேண்டுமென்றே ஆல்பிரட் சாட்டர்டன் 1903 அளவில் சென்னையில் குரோமியப் பதனிடுதலைத் தொடங்கினார். பின்னர் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததும் அந்த முறையால் தோல் பதனிட்ட ஆலையே.

தோல்வாருக்கும் இக்கணக்கு பொருந்தும். பட்டையில் பதனிட்டது விறைப்பாக நின்று வடிவம் காக்கும். வியர்வையும் ஈரமும் அதற்கு ஆகா. கழற்றியதும் சுருட்டிப் பெட்டியில் திணிக்காமல், காற்றாட நிழலில் தொங்கவிட வேண்டும். செந்தூள் உதிரத் தொடங்கிய பின் எண்ணெய் பூசிப் பயனில்லை. நிறம் கறுக்குமே தவிர, அறுந்த நார் கூடாது.