மூத்தம்மாவிடம் பேபி பேக் இருக்கவில்லை

ஓட்டமாவடியில் எங்கள் கூட்டாளி ஒருத்திக்குப் போன மாதம் முதல் பிள்ளை கிடைத்தது. நாற்பது முடிந்ததும் மட்டக்களப்புக்குப் போக வேண்டும், பேபி பேக் ஒன்று வேணும் என்றாள். ஒரு பின்னேரம் முழுக்கக் கடையில் பைகளைத் திறந்து மூடிப் பார்த்தோம். எட்டுப் பொக்கற், பத்துப் பொக்கற், போத்தல் சூடு ஆறாமல் இருக்க ஒரு பொக்கற். போனில் எடுத்த படங்களை அவளுடைய மூத்தம்மாவிடம் காட்டினால், அவ கேட்டது ஒன்றுதான்: "என்னத்துக்கு புள்ள? எங்க போகப் போறீங்க?"

சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது ஒரு வரலாற்றுக் கேள்வி. மூத்தம்மா ஏழு பிள்ளை வளர்த்தவ. ஒரு பை கூட இல்லாமல் எப்படி?

கிழக்கில் வீடு பெண்ணுக்கு உரியது. முஸ்லிம்களிடமும் சரி, தமிழர்களிடமும் சரி, கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கி, இந்தத் தாய்வழிக் குடி முறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த முறைக்கும் பிள்ளையின் மூத்திரத் துணிக்கும் உள்ள தொடர்பை நாங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உம்மா, சாச்சி, ராத்தா எல்லாரும் ஒரு வேலிக்குள், அல்லது அடுத்த வளவில். பழைய சாரன் ஒன்று நாலாகக் கிழிபடும். ஏணைக்கு இன்னொரு துணி. நனைந்தால் கிணற்றடி, காய வேலி. நாற்பது நாள் தாய் வெளியே போவதில்லை. அதற்குப் பிறகும் போகிற இடம் பெரும்பாலும் இன்னொரு சொந்தக்காரர் வீடு. அங்கேயும் ஒரு பழைய சாரன் இருக்கும்.

இதே காலத்தில் வெளியுலகில் நடந்தது வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தில் வலரி ஹன்டர் கோர்டன் என்ற தாய், துணி தோய்த்துச் சலித்து, பாரசூட் நைலானில் ஓர் உறை தைத்து, உள்ளே எறியக்கூடிய பஞ்சுத் திண்டு வைத்தார். அமெரிக்காவில் மேரியன் டொனவன் குளியலறைத் திரையை வெட்டி, நீர் கசியாத உறை தைத்தார். 1951 இல் காப்புரிமையும் கிடைத்தது. 1961 இல் பம்பஸ் சந்தைக்கு வந்தது. ஒரு கம்பனியின் பெயர் இங்கே எல்லாக் கம்பனியின் சாமானுக்கும் பெயராகிவிட்டது. கடையில் "வேற கம்பனி பம்பஸ் இருக்கா?" என்று கேட்கிற ஊர் எங்கள் ஊர்.

பம்பஸ் எங்கள் ஊருக்கு வருவதற்கு முதலே பை வந்துவிட்டது. அது உல்லாசப் பயணத்துக்கான பை இல்லை.

1990 இல் இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டை விட்டு ஓடினார்கள். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கமிருந்து பல்லாயிரம் பேர் காட்டாலும் கடலாலும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். நடுவில், 2004 டிசம்பர் 26 அன்று, கடல் யாருக்கும் பை எடுக்க நேரம் தரவில்லை. மற்ற நாட்களில் உரப்பையோ சொப்பிங் பேக்கோ கதவடியில் தயாராகத் தொங்கும். பெரியவர்களிடம் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்: பால்மா டின், போத்தல், சீலைத் துண்டுகள், அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிள்ளையின் கிளினிக் காட். பாலுக்கு முதல் கடுதாசி. ஏனென்றால் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டும்போது உங்களைக் காப்பாற்றப் போவது பால் டின் இல்லை.

எங்கள் பாலத்தையும் சொல்ல வேண்டும். 1920களின் கடைசியில் மட்டக்களப்புக்கு ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து புதுப் பாலம் வரும்வரை, ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே வழியால்தான் போயின. ரயில் வந்தால் பஸ் நிற்கும். கைப்பிள்ளையோடு வெயிலில் நிற்கிற பஸ்ஸில் இருந்தவர்களுக்குத்தான் ஒரு போத்தல் தண்ணீர் கைக்கு எட்டுவதன் அருமை தெரியும்.

ஆகவே பத்துப் பொக்கற்றை ஒதுக்கிவிட்டோம். வாங்கியது முதுகில் போடுகிற, இரண்டு கையும் சும்மா இருக்கிற, தோய்த்துக் காய வைக்கக்கூடிய சாதாரணப் பை. முன்னால் போத்தல். நனைந்ததைப் போட உள்ளே பிளாஸ்டிக் பிடித்த தனி அறை. இது முக்கியம்: 2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனைத் தடை செய்த நாட்டில் இன்னும் பம்பஸை சொப்பிங் பேக்கில் கட்டி வீசிக்கொண்டே இருக்க முடியாது. கடுதாசிகளுக்கு சிப் வைத்த அறை ஒன்றும் இருக்கிறது. யுத்தம் முடிந்துவிட்டது, அது எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். கிளினிக் காட்டுக்கு என்றோம். முழுப் பொய் இல்லை.

நிறம் கறுப்பு. காரணம், பூப் போட்ட பையென்றால் மாப்பிள்ளை தூக்க மாட்டார். வரலாறு முழுக்கப் பெண்கள்தான் தூக்கினார்கள், இதையாவது அவர் தூக்கட்டும் என்று எங்களுக்குள் தீர்மானம்.

வீட்டுக்குக் கொண்டுபோனபோது மூத்தம்மா பையைத் தட்டிப் பார்த்தா, சிப்பை இரண்டு தரம் இழுத்தா. பிறகு உள்ளே போய், மெலிந்துபோன சாரன் துண்டுகள் இரண்டை மடித்துக் கொண்டுவந்து மேலே வைத்தா.

"பம்பஸ் முடிஞ்சா?" என்றா.