எழுதலும் எழுப்புதலும்

ஆங்கிலத்தில் ‘ரௌஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அது ‘அ’ என்னும் முன்னொட்டைப் பெற்று ‘அரௌஸ்’ எனவும் வழங்கும். உறங்குபவனை எழுப்புவது, ஐயத்தைக் கிளப்புவது, சினத்தை மூட்டுவது, ஆவலைத் தூண்டுவது, காமத்தைக் கிளர்த்துவது, ஒரு மக்கட்கூட்டத்தைச் செயலுக்கு எழச்செய்வது ஆகிய அனைத்தையும் அந்த ஒரு சொல்லே குறிக்கும். மொழிபெயர்ப்புப் பாடத்தில் மாணவர் இடறிவிழும் சொற்களுள் இதுவும் ஒன்று. எனினும் இச்சொல்லை அகராதிச் சிக்கலாக மட்டும் கருதுவதற்கில்லை. மலாயாத் தமிழரின் வரலாற்றை எப்படிச் சொல்வது என்னும் வினாவும் இதனுள் அடங்கியிருக்கிறது.

சொல்லின் பிறப்பை முதலிற் காண்போம். 15ஆம் நூற்றாண்டில் இது வேட்டைக்காரரின் சொல்லாக இருந்தது. பயிற்றப்பெற்ற வல்லூறு தன் இறகுகளைச் சிலிர்த்து உதறிக்கொள்வதை இச்சொல்லாற் குறித்தனர். புதரிற் பதுங்கிய மானை வெளியே கிளப்புவதற்கும் இதுவே சொல். துயிலெழுப்பும் பொருளும் உணர்ச்சியைத் தூண்டும் பொருளும் பின்னர் வந்து சேர்ந்தன. முன்னொட்டுப் பெற்ற வடிவம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், சேக்சுபியர் காலத்தில் தோன்றியது. வல்லூறு தானே சிலிர்க்கிறது. மானோ பிறரால் கிளப்பப்படுகிறது. தன்வினையும் பிறவினையும் ஒரே சொல்லுக்குள் உறைந்து கிடப்பதை ஈண்டுக் கருத்திற் கொள்ள வேண்டும்.

தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. எழு என்பது தன்வினை. எழுப்பு என்பது பிறவினை. மூள் என்பது தன்வினை. மூட்டு என்பது பிறவினை. கிளர் என்பது தன்வினை. கிளர்த்து என்பது பிறவினை. ‘சினம் மூண்டது’ என்பதற்கும் ‘சினத்தை மூட்டினான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னதில் சினமே எழுவாய். பின்னதில் வேறொருவன் எழுவாயாகிறான், சினம் அவன் செயலுக்குப் பொருளாகிவிடுகிறது. தூண்டுதல் என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. விளக்கின் திரியைத் தூண்டுபவன் நெருப்பைப் படைப்பதில்லை. எரிகின்ற சுடரை மேலும் எரியச் செய்கிறான்.

நம் இலக்கிய மரபும் இதற்குச் சான்று. துயிலும் மன்னரைச் சூதர் புகழ்ந்து பாடி எழுப்பும் துயிலெடை நிலையைத் தொல்காப்பியர் பாடாண் திணையில் வைத்தார். பக்திக் காலத்தில் மன்னனின் இடத்தை இறைவன் பெற்றான். தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி பாடினர். பின்னர்ப் பாரதியார் பாரத மாதாவுக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடினார். இறைவன் இருந்த இடத்தில் நாடு வந்து அமர்ந்தது. இவ்வகைப் பாட்டின் பெயரை நோக்குக. எழுச்சி என்பது ‘எழு’ என்னும் தன்வினையிற் பிறந்த பெயர். பாடுபவர் எழுப்பினாலும், பாட்டுக்குப் பெயர் எழுபவரின் செயலால் அமைந்தது. மேலும், உறக்கமே இல்லாதவன் இறைவன் என்பதை அடியார் அறிவர், அறிந்தே பாடினர்.

இனி மலாயாவுக்கு வருவோம். விடியுமுன் எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்து, இருள் பிரியாத வேளையிற் பால்மரம் சீவச் சென்றவர் நம் தோட்டத் தொழிலாளர். ஜொகூரையும் சிங்கப்பூரையும் 1923இல் கடற்பாலம் இணைத்தது. கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 2019இல் நின்றுபோகும்வரை அது நீண்ட காலம் வெளிவந்தது. பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணியார் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர் கூடியிருந்து கேட்பது தோட்டங்களில் வழக்கமாயிற்று. இந்தக் காலத்தை ‘விழிப்புணர்ச்சிக் காலம்’ என்று நாம் எழுதுகிறோம். அப்படியானால் அதுவரை அவர்கள் உறங்கிக்கொண்டா இருந்தனர்? இவ்வினாவுக்கு விடை காண 1941ஆம் ஆண்டு நமக்கு உதவுகிறது.

அவ்வாண்டின் முற்பகுதியில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கொடுமை செய்யும் மேற்பணியாளரை நீக்குதல், தொழிலாளர் குடும்பப் பெண்களை இழிவுசெய்வதை நிறுத்துதல், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுட் சில. மேலாளரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

ஆட்சியாளர் இதற்குக் கண்ட விளக்கம் எளிது: தொழிலாளர் அமைதியானவர், வெளியிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர் அவர்களைத் தூண்டிவிட்டனர். அந்த விளக்கத்திற்கேற்ப மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். இலக்கண நோக்கிற் சொல்வதானால், ஆட்சியாளர் ஒரு தன்வினையைப் பிறவினையாக மாற்றி எழுதினர். தொழிலாளர் எழுந்தனர் என்பதை, எழுப்பப்பட்டனர் என்றாக்கினர். புதரிலிருந்து கிளப்பப்பட்ட மானாக அவர்களைக் கண்டனர்.

தொல்காப்பியர் இவ்வாறு காணார். மெய்ப்பாட்டியலில் வெகுளி பிறக்கும் களங்களாக அவர் நான்கினைக் கூறுகிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலுறுப்பைச் சிதைத்தல், குடும்பத்தாரையும் குடிகளையும் நலிதல், அடித்து வருத்துதல், உயிரைப் போக்குதல் என்பன அவை. வெகுளிக்குக் காரணம் இழைக்கப்பட்ட தீங்கே என்பது அவர் கருத்து. அதைக் கிளப்பிவிடும் நாவலன் ஒருவனை அவர் அப்பட்டியலிற் சேர்க்கவில்லை. 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகளுள் பெண்களைக் காக்கும் கோரிக்கையைக் குடிகோளின் அருகிலும், கொடிய மேற்பணியாளரை நீக்கும் கோரிக்கையை அலையின் அருகிலும் வைத்துப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமை கூறப்பெறும் நூல், ஆட்சியாளரினும் தெளிவாகத் தோட்டத்தை அறிந்திருக்கிறது எனத் தோன்றும்.

இரண்டாண்டுக்குப் பின், 1943 சூலையில் சுபாசு சந்திர போசு சிங்கப்பூர் வந்தார். அவர் அமைத்த ஜான்சி ராணிப் படையில், இந்தியாவை ஒருமுறையும் கண்டிராத தோட்டப் பெண்கள் பலரும் சேர்ந்தனர். போசின் பேச்சு அவர்களை எழுப்பியது என்று எழுதுவது நம் வழக்கம். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை, அவர் தூண்டுகோலானார். ஆனால் சுடர் எங்கிருந்தது? அடியையும் இழிவையும் கண்டு வளர்ந்த நெஞ்சில் அது முன்னரே எரிந்தது. அதனை விட்டுவிட்டு எழுதினால், போற்றும் மொழியிலேயே ஆட்சியாளரின் இலக்கணத்தை நாமும் மேற்கொண்டவர்களாவோம்.

தலைவர்களின் பங்கைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டிச் சாரங்கபாணியார் குரல் கொடுத்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதியும் திரட்டப்பட்டது. 1956இல் இந்திய இயல் துறை அங்கே அமைந்தது. குரல் அவருடையது, அக்குரலுக்குச் செவிசாய்த்துத் தம் உழைப்பின் பயனில் ஒரு பங்கை ஈந்தவர் எளிய மக்கள். இவ்விரண்டு எழுவாய்களுக்கும் வரலாற்றில் இடம் வேண்டும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘சமுதாயத்தைத் தட்டி எழுப்பினார்’ என்னும் தொடர் நம் மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது. அதனை வெட்டிவிட வேண்டியதில்லை. அதன் அருகே, ‘எழுந்தவர் யார்? ஏன் எழுந்தனர்?’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். விடை தேடும் மாணவன் தன் பாட்டனிடமோ பாட்டியிடமோ சென்று நிற்பான். விடியுமுன் எழுந்து வேலைக்குச் சென்றவர்களின் கதை அவன் கட்டுரைக்குள் அப்போது வந்து சேரும்.