கோணமாமலைக் கோட்டை வாயிற் கல்வெட்டு

இலங்கையின் கீழ்க்கரையிற் கடலுள் நீண்டு நிற்கும் செங்குத்தான பாறைமுனை திருக்கோணமலை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற அத்தலத்தைப் போர்த்துக்கீசியத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா 1620களின் முற்பகுதியில் இடிப்பித்தான். கோயிற் கற்களே கோட்டைக்கும் பயன்பட்டன. 1639இல் ஒல்லாந்தரும், 1782இல் ஆங்கிலேயரும் அவரையடுத்துப் பிரெஞ்சுக்காரரும், 1795இல் மீண்டும் ஆங்கிலேயரும் அதனைக் கைக்கொண்டனர். 1803 முதல் அது பிரெடரிக் கோட்டை.

ஆய்வுக்குரியது வாயிற்கல்லே. பாண்டியரின் இணைக்கயல் பொறித்த அக்கல்லில் சிதைந்த தமிழ் வரிகள் உள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்னும் தீர்க்கதரிசனமாக அது போற்றப்படுகிறது. ஆயின் இன்று வழங்கும் முழுப்பாடலில் கல் தருவது ஒரு பகுதியே; எஞ்சியவை மரபுவழிப் பாடங்கொண்டு நிரப்பப்பட்டவை. கல்லிலுள்ள எழுத்தையும் நிரப்பிய எழுத்தையும் பிரித்துக் காட்டாது முழுப்பாடலையே சான்றாக்குவது பொருந்தாது. பறங்கியர் 1505இலேயே இலங்கைக் கரையை அடைந்தவர் என்பதும் எண்ணத்தக்கது.

குளக்கோட்டனைக் 'கோணேசர் கல்வெட்டு' என்னும் நூல் விரிவாகப் பேசுகிறது. திருக்கோணமலையிற் கிடைத்த, துண்டுபட்ட வடமொழிக் கல்வெட்டோ சக ஆண்டு 1145இல் (கி.பி. 1223) வந்த சோடகங்கனைச் சுட்டுகிறது. இருவரும் ஒருவரே என்பார் உளர். பெயரொலியினும் வலிய சான்று அதற்கு வேண்டும்.

1950இல் கிணறு தோண்டுகையில் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோயிலுக்குச் செல்வோர் அக்கோட்டை வாயிலைக் கடந்தே செல்கின்றனர்.