‘பாலன்’ என்ற ஆட்சேபம்: ஆலவாய்ப் பதிகமும் இளையோர் மேடையும்

மேடையேறும் பிள்ளையின் சொல் யாருடையது? தமிழ்ச் சொற்பொழிவின் வரலாற்றை எழுதியவர்களிடையே இதற்கு ஒரு விடை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது: குரல் பிள்ளையுடையது, சொல் பெரியவர்களுடையது. திருஞானசம்பந்தரே இதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுகிறார். ஞானப்பால் உண்ட குழந்தை பேசவில்லை, பேசுவிக்கப்பட்டது. எனவே நம் மரபில் பேசும் பிள்ளை அற்புதமே தவிர வாதி அல்லன் என்பது அந்த வாசிப்பு. மதுரையைச் சார்ந்த பதிகம் ஒன்றை நிதானமாகப் படித்தால் இது நிற்காது என்று கருதுகிறேன்.

மூன்றாம் திருமுறையின் 39ஆம் பதிகம் அது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியை விளித்துத் தொடங்குகிறது. பால்வாய்ச் சிறுவன் என்று எண்ணி எனக்காக வருந்தாதே, ஆனைமலை முதலான இடங்களில் இருப்போருக்கு நான் எளியவன் அல்லன், ஆலவாய் இறைவன் நிற்கிறான் என்பது முதற்பாட்டின் சாரம். அடுத்து வரும் பாட்டுகள் சமணத் துறவியரின் பெயர்களையும் அவர்களுடைய பாகத (பிராகிருத) மொழியையும் ஏளனம் செய்கின்றன. இறைவன் நிற்பதைச் சொல்லும் முடிப்பு பாட்டுதோறும் திரும்ப வருகிறது.

மேற்சொன்ன வாசிப்பு இந்த முடிப்பையே பிடித்துக்கொள்கிறது. துணிவுக்குக் காரணம் இறைவன். ஆகவே பேச்சும் அவனுடையது என்கிறது. துணிவின் காரணத்தையும் பேச்சின் உரிமையையும் இப்படி ஒன்றாக்க இலக்கணம் இடம் தரவில்லை. முற்றுவினை தன்மை ஒருமையில் நிற்கிறது. எளியவன் அல்லன் என்று சொல்பவன் ‘நான்’. இறைவன் நிற்பது எச்சமாக, சார்ந்துதான் வருகிறது. துணைக்கு நிற்பவரைப் பேசுபவராகக் கொள்ள வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது முதற்பாட்டின் தொடக்கம். ‘சின்னப் பையன்’ என்ற ஆட்சேபம் எங்கிருந்து வருகிறது? எதிரியிடமிருந்து அல்ல, அன்பு மிகுந்த அரசியிடமிருந்து. பேச வரும் பிள்ளைக்கு இன்றும் பெருந்தடை ஏளனத்தைவிடப் பரிவுதான். பெற்றோரும் ஆசிரியரும் அறிந்ததே இது. அந்தப் பரிவைச் சம்பந்தர் பெயர் சொல்லி எடுக்கிறார், ஒதுக்குகிறார், விஷயத்துக்குப் போகிறார். தன் இளமையையே அதிசயமாகக் காட்டி அவையை மயக்கியிருக்கலாம். ஆனால் ஞானப்பால் கதையை இந்தப் பதிகம் வாதமாக வைக்கவே இல்லை. வயது இங்கே விடை சொல்லித் தீர்க்க வேண்டிய ஓர் ஆட்சேபம், அவ்வளவுதான்.

என் வாசிப்புக்கு ஓர் இடையூறு உண்டு. அதை மறைக்க முடியாது. கடைக்காப்பில் சொக்கன் தன் உள்ளே இருப்பதாகவே சம்பந்தர் சொல்கிறார். எதிர்த்தரப்புக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. ஆனால் அதே பாட்டில் அவர் தன் ஊரைச் சொல்கிறார், பெயரைச் சொல்கிறார், தன்னைத் தமிழுக்குத் தலைவன் என்கிறார், பாண்டியன் முன்னே தன் வாயால் உரைத்தவை இவை என்கிறார். வெறும் ஊதுகுழல் கையெழுத்துப் போடுமா? அவை முன் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் முத்திரை இது என்று கொள்வதே பொருத்தம். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதிய சேக்கிழார், அரசி அஞ்சும் அவைக்காட்சியை இந்தப் பதிகத்தைக் கொண்டே கட்டியிருக்கக் கூடும். அப்படியே ஆனாலும், அவரும் அரசியின் அச்சத்தைத்தான் முன்வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

வாதில் தோற்ற சமணர் கழுவேற்றப்பட்டதாகச் சொல்லும் கதை உண்மையா என்பது இங்கே வழக்கு அல்ல. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. சம்பந்தருக்குப் பின்னும் மதுரையில் சமணம் வாழ்ந்தது. பதிகத்தின் வசைமொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லவும் இல்லை. ஏழாம் நூற்றாண்டுச் சமயப் பாடலை இக்கால மேடையோடு ஒப்பிடுவது காலக்குழப்பம் என்பார்கள். அந்த ஒப்பீட்டை நான் தொடங்கவில்லை. திராவிட இயக்க மேடையே தொடங்கிவிட்டது. 1944 ஆகஸ்ட் 27இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய சேலம் மாநாட்டில், பதினொரு வயது நிரம்பாத கி. வீரமணி பேசினார். அவருடைய சிறுவயதுப் பேச்சைக் கேட்ட அண்ணா அவரைத் திராவிட இயக்கத்தின் திருஞானசம்பந்தர் என்றார். உண்டது உமையின் பால் அல்ல, ஈரோட்டுப் பால் என்ற பொருளில். நகைச்சுவை அருமை. ஆனால் பாலின் ஊர்தான் மாறியது. பிள்ளை பாத்திரமாகவே இருந்தான். பதிகத்தின் ‘நான்’ அங்கே கைநழுவிப் போனது.

அதன் விளைவை இன்றைய பேச்சுப்போட்டியில் பார்க்கலாம். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மாணவர்களுக்குப் போட்டி நடத்துகிறது. பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். நல்ல ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தலைப்பு தலைவரின் வாழ்வும் பணியும். மதுரை விளாங்குடியிலிருந்து வரும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, வைகையில் ஏன் சாக்கடை கலக்கிறது என்று கேட்க விரும்பினால் அதற்குத் தலைப்பு இல்லை. மனப்பாடம், உச்சரிப்பு, கையசைவு, மணியோசை. அடுத்த பெயர் அழைக்கப்படுகிறது. மறுத்துப் பேச எவரும் இல்லை. சம்பந்தருக்கு எதிரே ஓர் அவையே இருந்தது.

தன் சொல்லோடு மேடையேறிய பிள்ளையும் நம்மிடையே உண்டு. திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர் 2021 நவம்பர் 2இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசியபோது, கரியில்லாமல் வெயிலில் இயங்கும் இஸ்திரி வண்டியைத் தானே வடிவமைத்தவராக நின்றார். தலைவர்களின் வெற்று வாக்குறுதிகள் தம் தலைமுறைக்குச் சினமூட்டுவதை முகத்துக்கு நேரே சொன்னார். நாம் அவர் வயதை வியந்தோம். அவர் கேட்டதோ வியப்பை அல்ல.

போட்டி விதிகளை வகுப்போர் ஒரே ஒரு திருத்தம் செய்யலாம். தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். பேசி முடித்ததும் மூன்று நிமிடம் நடுவர்கள் அவரை மறுத்துக் கேள்வி கேட்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பதில்களுக்கு ஒதுக்குங்கள்.