தட்டை முகர்ந்துவிட்டு ஓடும் பூனை... சாப்பிட வைப்பது எப்படி?

வீடெல்லாம் ஓடுது, பரண் மேல ஏறுது, பல்லியைத் துரத்துது. ஆனா சோறு வெச்சா மட்டும் முகர்ந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுது. உங்க வீட்டுப் பூனையும் இந்த ரகமா? மீனை மாத்தி, கறியை மாத்தி அலுத்துப்போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதலில் எடையைப் பாருங்க

பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நின்று, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். வாராவாரம் எடை குறையாமல் இருந்தால் பயம் வேண்டாம். தெருவில் நாலு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் பூனைகளும் உண்டு! எடை இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி

4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி தேவை. ஒரு எலியில் கிடைப்பது 30 கலோரிதான். அதாவது, வேட்டையாடி வாழும் பூனை நாள் முழுக்க ஏழெட்டு முறை சாப்பிடும். அதனால் ஒரே வேளையில் தட்டு நிறைய வைக்காமல், நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். துறுதுறு பூனை என்றால் சாப்பாட்டுக்கு முன் 10 நிமிடம் விளையாட விடுங்கள். ஓடிப் பிடித்து, பிறகு சாப்பிடுவதுதான் அதன் இயல்பு.

வாசனைதான் எல்லாம்

பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. மூக்குக்குப் பிடித்தால்தான் வாய் வைக்கும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உணவில் வாசனை எழாது. கொஞ்சம் வெந்நீர் கலந்து, வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். எடப்பாடி வெயிலில் ஈர உணவு சீக்கிரம் கெட்டுவிடும். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

தறி ஓடும் வீடு என்றால் தட்டு வைக்கும் இடமும் முக்கியம். சத்தமில்லாத மூலையாகப் பாருங்கள். மண் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

என்ன கொடுக்கலாம்?

பூனை அசைவப் பிராணி. இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் பாதிக்கும். தயிர் சாதம் மட்டுமே போட்டு வளர்ப்பது சரிவராது. வேகவைத்த கோழி, முள் நீக்கிய மேட்டூர் டேம் மீன், அவித்த நாமக்கல் முட்டை எல்லாம் நல்லது. ஆனால், இதிலேயே எல்லாச் சத்தும் கிடைத்துவிடாது என்பதால், பூனைக்கான முழுச்சத்து உணவையும் பழக்குங்கள். பழசோடு புதுசை ஒரு வாரம், பத்து நாள் கலந்து கொடுத்து மாற்றுவது நல்லது. குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

நூல்... உஷார்!

விசைத்தறி ஊரில் இதைச் சொல்லியே ஆகணும். கீழே கிடக்கும் நூலை விளையாட்டாக விழுங்கும் பூனைக்குக் குடல் சுருங்கி மடங்கிவிடலாம். திடீரென்று சாப்பிடாமல், வாந்தியும் எடுத்தால் நாக்குக்கு அடியில் நூல் சிக்கியிருக்கலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீங்க, குடல் கிழிந்துவிடும். உடனே டாக்டரிடம் தூக்கிட்டுப் போங்க.

எப்போது காத்திருக்கக் கூடாது?

'பசிச்சா தானா சாப்பிடும்' என்ற பேச்சு பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டி என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பல்வலி, குடற்புழு, சளியால் மூக்கடைப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.