தைக்கா

முத்துக்குளித்துறையைச் சேர்ந்த காயல்பட்டினத்தில் தைக்கா என்பது சூஃபி நெறியினர் கூடும் இடம். பாரசீகத் 'தக்யா'விலிருந்து வந்த சொல். சாய்ந்துகொள்வது என்பது அரபி வேரின் பொருள். உருதுவில் தலையணையும் தகியா, பக்கீர் குடிலும் தகியா. அதனால் இதை வெறும் ஓய்விடமாகக் கொள்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே சாய்வது ஆசானின் மேல். ஷெய்கு எனப்படும் ஆசானின் கைபற்றி உறுதிமொழி ஏற்ற முரீதுகள் என்னும் சீடர்கள், காதிரிய்யா தரீக்கா என்னும் சூஃபி நெறிமரபின் சகோதரர்களாக வட்டமாய் அமர்ந்து, இறைவனை நினைந்து திக்ரு ஓதி, 'நஃப்ஸ்' என்னும் தன்முனைப்பை அடக்கப் பயில்கிறார்கள்.

தைக்காக்களில் அடக்கத்தலங்கள் இருக்கின்றனவே, அப்படியானால் தர்காதானே எனலாம். தர்காவுக்கு அடக்கமே மையம். தைக்காவுக்குப் பாடமும் பயிற்சியும். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் கற்றார். தைக்கா என்பது அடக்கத்தை மட்டும் குறித்த சொல்லாயின், பாடம் நடத்திய ஆசிரியருக்கு அது பட்டப்பெயராகியிருக்காது.