தீயணைப்பு வீரரின் நாடி

மீட்புப் பணியில் இருப்பவரின் உயிருக்கு ஆபத்து நெருங்குவதைப் பணியிடத்திலேயே கண்டுகொள்ளும் முயற்சி, பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒரு குருவியோடு தொடங்கியது. 1896 ஜனவரியில் வேல்ஸ் பகுதியின் டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்தது. இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பின்னர் பரவிய கார்பன் மோனாக்சைடுதான் என்று கண்டார். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு, மீட்கப் போனவர்களையும் சாய்த்துவிடும். சிறிய உயிரினம் ஒன்றைக் கூடவே கொண்டுபோகலாம் என்று ஹால்டேன் யோசனை சொன்னார். கானரிக் குருவிக்கு மூச்சும் ரத்த ஓட்டமும் வேகம் என்பதால், மனிதருக்குத் தலை சுற்றுவதற்கு முன்பே அது கூண்டுக் குச்சியிலிருந்து விழுந்துவிடும். சில கூண்டுகளின் மேல் சிறிய ஆக்சிஜன் உருளையும் இருந்தது. குருவி சாய்ந்ததும் கூண்டின் கதவை மூடி வால்வைத் திறந்தால் அது பிழைத்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு 1986 வரை நீடித்தது.

வெப்பத்தின் கணக்கையும் ஹால்டேனே போட்டார். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், காற்றோட்டம் இல்லாத இடத்தில் சும்மா இருப்பவருக்குக்கூட உடல் வெப்பம் ஏறத் தொடங்கும் என்று 1905இல் எழுதினார். வியர்வை உலராததே காரணம். தீயணைப்பு வீரரின் கனத்த அங்கிக்குள் இருப்பதும் அப்படி ஒரு சுரங்கம்தான்.

1958 ஜனவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் நிலவறையில் பற்றிய தீ இரண்டு வீரர்களைப் பலிகொண்டது. மூச்சுக்கருவியோடு உள்ளே போகிறவர்களுக்குக் கணக்கு வைக்கும் முறை அதன்பின் இறுகியது. உள்ளே நுழைபவர் தம் பெயர் வில்லையை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். உருளையில் எவ்வளவு காற்று, எத்தனை மணிக்கு நுழைந்தார், எப்போது வெளியே வந்தாக வேண்டும் என்பதெல்லாம் பலகையில் ஏறும். கணக்கில் இருந்தது காற்று மட்டுமே. அதைச் சுவாசிக்கும் உடம்பு இல்லை.

வேலை செய்துகொண்டிருக்கும் உடம்பின் இதயத்தைப் பதிவுசெய்ய முதலில் வழி கண்டவர் அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர். 1940களின் பிற்பகுதியில் அவர் முதுகில் சுமந்த வானொலிக் கருவியின் எடை சுமார் 38 கிலோ! அடுத்த இருபது ஆண்டுகளில் அது இடுப்பில் தொங்கும் பெட்டியாகச் சுருங்கியது.

ஜேம்ஸ் பர்னார்டும் ஹென்றி டங்கனும் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்பு வீரர்களின் இதயத்துடிப்பைப் பணி நேரத்திலேயே பதிவுசெய்து, 1975இல் முடிவை வெளியிட்டனர். அபாய மணி அடித்த 15 முதல் 30 நொடிகளுக்குள் துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 47 கூடியிருந்தது. அந்த நேரத்தில் வீரர் செய்தது எழுந்து வண்டியை நோக்கி ஓடியதுதான். தீயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆண்டுக்கொரு முறை மருத்துவர் அறையில் உட்காரவைத்து எடுக்கும் இசிஜியில் இது எப்படித் தெரியும்?

1982இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் மார்புப் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்குத் துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளையாட்டு வீரர்களுக்காகச் செய்த அது, ஆய்வாளர்கள் கையில் தீயணைப்புப் பயிற்சிக் கூடங்களுக்கும் போனது.

களத்து விதிகள் மட்டும் எளிமையாகவே இருந்தன. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 1992ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, இரண்டு காற்று உருளைகள் தீர்ந்தாலோ 45 நிமிடம் உழைத்தாலோ வீரர் ஓய்விடத்துக்கு வர வேண்டும். வந்ததும் அரை நிமிடம் நாடி பார்ப்பார்கள். துடிப்பு 110ஐத் தாண்டியிருந்தால் வாயில் வெப்பமானி வைப்பார்கள். அது 100.6 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினால் அவர் மறுபடி அங்கி மாட்ட அனுமதி இல்லை. போகலாமா கூடாதா என்பதை வீரரின் வாய்ச்சொல்லுக்கு விடாததே இதன் சிறப்பு. முடியவில்லை என்று சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் குறைவு.

ஸ்டெஃபானோஸ் கேல்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த அக்கறைக்கு வலுச் சேர்த்தது. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களில், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களை நீக்கிப் பார்த்தால், 39 சதவீதம் பேரின் மரணத்துக்குக் காரணம் இதயத் தமனி நோய். தீயை அணைப்பதில் கழிவது பணி நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். அந்த இதய மரணங்களில் 32 சதவீதம் நேர்ந்தது அந்தச் சொற்ப நேரத்தில்.

2010 அக்டோபரில் சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் சிக்கிய 33 பேரைக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்தபோது, அவர்கள் மார்பில் கட்டிய பட்டைகள் துடிப்பையும் மூச்சையும் மேலே இருந்த மருத்துவர்களுக்குத் தெரிவித்தன. அதே வகைப் பட்டைகளைத் தீயணைப்பு அங்கிக்குள் பொருத்தும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் கான்கிரீட் சுவர்களும் நிலவறைகளும் வானொலி அலைகளை மறிக்கின்றன. தோலை ஒட்டிய உணரி, உள்ளுடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதில்லை. பெரும்பாலான தீ விபத்துகளில் வீரரின் நாடியை இன்னமும் அவர் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகே பார்க்கிறார்கள்.